தானமும் நிபந்தனையும்

தென்காசி, குற்றாலம் பகுதியிலிருந்து வடகிழக்கே, சங்கரன்கோவிலைக் கடந்தால் கழுகுமலை. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாட்டுச் சமணத்தின் பெரும்பள்ளி அங்கு விளங்கிற்று. தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்களுள் உளர். சித்தாந்தம் உரைத்த வைராக்கியர்களுக்கு ஆகாரதானம் ஏற்படுத்திய செய்தியும் அங்கே கல்லில் நிற்கிறது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்தை இல்லறத்தாரின் கடமையாக வைத்தது நம் சமயம்.

பிற்காலத்தில் இதே நெல்லைச் சீமையில் தானம் வேறொரு கேள்வியை எழுப்பியது. 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில் கிறித்தவ மிஷன்கள் பசித்தோர்க்கு உணவளித்தன. அநாதைக் குழந்தைகளை ஏற்றன. பஞ்ச நிவாரணத்திற்கென லண்டன் நகர மேயர் திரட்டிய நிதி கடல் கடந்து வந்தது. அவ்வாண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையில் சேர்ந்தனர். கஞ்சிக்காக மதம் மாறினர் என்று ஒரே வரியில் முடிப்பது அம்மக்களுக்கு இழைக்கும் அநீதி. சாதி இழிவிலிருந்து விடுபடும் வேட்கையும் அதில் இருந்தது. ஆயினும் கொடுப்பவர் தம் நம்பிக்கையையும் சேர்த்து நீட்டும்போது, பசித்தவன் மறுக்கும் நிலையில் இருப்பதில்லை.

தென்காசியை அடுத்த ஆய்க்குடி, பாலசுப்பிரமணியர் கோயிலால் அறியப்பட்ட ஊர். கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அங்கு மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் பெயரிலுள்ள 'அமர்', அவருக்குச் சிகிச்சையளித்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். தெய்வத்தின் பெயரன்று, மருத்துவரின் பெயர்!

உடற்குறையுற்றோர்க்கான இதே பணியை வடக்கே நம் சமயத்தார் பகவானின் பெயராலேயே செய்தனர். மகாவீரர் நிர்வாணமடைந்த 2500ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1975இல் டி. ஆர். மேத்தா ஜெய்ப்பூரில் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியை நிறுவினார். மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ரப்பர்ப் பாதத்தைச் சமிதி இலவசமாகப் பொருத்தியது. பெறுவோரின் சாதியையோ மதத்தையோ கேட்கவில்லை. மேலைநாட்டுச் செயற்கைக்காலுக்குக் காலணி வேண்டும். ஜெய்ப்பூர்க் காலோடு வெறுங்காலாகச் சேற்று வயலில் இறங்கலாம், குந்தி அமரலாம். சமிதியின் முகாம்கள் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்துள்ளன. அக்கால் ஈழத்தையும் எட்டிற்று. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் மையம் தொடங்கியது. போரில் காலிழந்த தமிழர், செருப்பின்றித் தத்தம் கோயிலுக்குள் நடந்து செல்ல அதனால் இயன்றது.