கார் குளிர்சாதன அமுக்கி: ஒரு வரலாறு

காரில் ஏ.சி. ஓடும்போது முன்பக்கம் அவ்வப்போது 'டக்' என்ற ஒலி கேட்கும். கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி எஞ்சினுடன் இணைவதும் விலகுவதுமே அது. பலர் பழுதென்று அஞ்சுவர். ஆனால் இவ்வாறு விலக வழியில்லாததே முதல் கார் ஏ.சி.யின் பெருங்குறையாக இருந்தது.

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939இல் சிகாகோ கண்காட்சியில் இவ்வசதியை அறிமுகப்படுத்தியது. விலை 274 டாலர். குளிராக்கும் சுருள் பின்புறச் சாமான் அறையின் பாதியை அடைத்துக்கொண்டது. அமுக்கியோ பெல்ட்டால் எஞ்சினுடன் நிலையாகப் பிணைக்கப்பட்டிருந்தது. குளிர் போதுமென்றால் எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1941ஆம் ஆண்டு மாதிரிகளுக்குப் பின் பேக்கார்டு இதைக் கைவிட்டது.

1954இல் வந்த நாஷ் அம்பாசடர் காரில் மின்காந்தக் கிளட்ச் இடம்பெற்றது. கப்பி எப்போதும் சுழலும். மின்சாரம் பாயும்போது மட்டும் அமுக்கியின் தட்டு அதனுடன் ஒட்டிக்கொள்ளும். சுருளின் வெப்பநிலை உறைநிலையை நெருங்கினால் அதன்மேல் பனி படிந்து காற்று அடைபடும். அதனாலேயே வெப்பநிலை அல்லது அழுத்தச் சுவிட்ச் அமுக்கியை விலக்குகிறது. கடும் வெயிலில் அது நெடுநேரம் விலகாமல் ஓடுவதும் இயல்பே. சில நொடிகளுக்கொரு முறை இணைந்து விலகினால், குளிர்பதன வாயு குறைந்திருக்கக்கூடும்.

1980களில் பரவத் தொடங்கிய மாறும் கொள்ளளவு அமுக்கிகள் விலகாமலே தம் வேலையைக் குறைத்துக்கொள்பவை. அவற்றில் இந்த 'டக்' ஒலியை எதிர்பார்க்க வேண்டியதில்லை.