நாகம்மாள் கேட்ட பங்கு

ஆர். ஷண்முகசுந்தரம் எங்க பக்கத்து ஆளுங்க. இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் இருக்கும் கீரனூர்ல 1917ல் பிறந்தவர். 1942ல் வந்த அவரோட 'நாகம்மாள்'தான் தமிழின் முதல் வட்டார நாவல்னு பலரும் சொல்லுவாங்க. பிளஸ் டூ லீவுல முப்பது பக்கம் படிச்சுட்டு மூடி வெச்சுட்டேன். எங்க அம்மிச்சி திண்ணையில பேசற பேச்சை எதுக்குக் காசு கொடுத்துப் படிக்கணும்? :-)

போன வருசம் சொந்தத்துல ஒரு பாகப்பிரிவினை. பனியன் கம்பெனி, குடோன்னு ஊர் விரிய விரிய, சும்மா கிடந்த மேட்டாங்காட்டுக்கும் விலை வந்துருச்சு. "ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துரு சாமி"ன்னு பொண்ணுங்க முன்னாடி விடுதலைப் பத்திரத்தை வெச்சாங்க. அப்பத்தான் நாகம்மாள் ஞாபகம் வந்துச்சு. மறுபடி எடுத்தேன், ரெண்டே ராத்திரியில முடிச்சேன்.

கதை சின்னது. புருசனை இழந்த நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோட இருக்கிறாள். நிலத்துல தன் பங்கைப் பிரிச்சுக் கேட்கிறாள். ஊர்ப் பெரிய மனுசங்க உள்ளே புகுந்து தூண்டிவிட, கடைசியில கொலையில் முடியுது.

இந்தத் தடவை சட்டம் வந்த வருசங்களையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிச்சேன். கூட்டுக் குடும்பத்து விதவைக்கு அதுவரை ஜீவனாம்சம்தான். கணவனோட பங்கைக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது 1937ம் வருசச் சட்டம், அதுவும் அவள் ஆயுசு வரைக்கும்தான். ஆனா 1941ல் ஃபெடரல் கோர்ட், மாகாணங்களில் இருக்கும் விவசாய நிலத்துக்கு அது செல்லாதுன்னு சொல்லிருச்சு. சென்னை மாகாணம் விவசாய நிலத்தையும் சேர்த்தது 1947ல். முழு உரிமை 1956ல்.

அதாவது, காடு தோட்டத்தைப் பொறுத்தவரை கதவு மூடிக் கிடந்த நேரத்துல இந்த நாவல் வந்திருக்கு. வாயாடின்னு ஊர் சொல்ற அந்தப் பொம்பளை, சட்டம் வந்து சேருறதுக்கு முன்னாடியே நிலத்தைக் கேட்டுட்டாள்.

நடை இப்பவும் எனக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கு. ஆனா சின்னப்பனை அவர் வில்லனாக்கலை. பாடுபடுற நல்ல மனுசன் அவன். அங்கதான் வலிக்குது.

தமிழ்நாட்டுல 1989லேயே மகள்களுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்கு வந்தாச்சு, 2005ல் நாடு முழுக்க. அன்னைக்கு எங்க வீட்டுல பத்திரத்தை நீட்டினவங்களும் கெட்டவங்க இல்லைங்க. வெள்ளிக்கிழமை தவறாம அக்கா தங்கச்சிகளுக்குப் போன் பண்ணி விசாரிக்கிற பாசக்காரங்கதான்.