குறவஞ்சியில் ஒரு மெய்ஞ்ஞானம்

சிவகிரிக்குத் தெற்கே தென்காசியில் பிறந்து, தக்கலையில் அடங்கியிருப்பவர் 17-ஆம் நூற்றாண்டின் ஞானக்கவி பீர்முகம்மது அப்பா (ரஹ்). குறத்தி குறி சொல்லும் குறவஞ்சியை மக்கள் விரும்பிக் கேட்ட நாட்டில், அவர் 'ஞானக்குறவஞ்சி' பாடினார். சிங்கன், சிங்கி பேச்சில் மார்க்க ஞானமா என்று நாம் மலைக்க வேண்டியதில்லை.

'கடல் போன்ற அறிவு' உவமை; 'அறிவுக்கடல்' உருவகம். அப்பாவோ கூத்து வடிவம் முழுவதையுமே உருவகமாக்கி, அவ்விருவரின் வினாவிடையில் இறைவனை அறியும் வழியைச் சொன்னார். அல்குர்ஆனும் அல்லாஹ்வையன்றிப் பிறரைப் பாதுகாவலராகக் கொள்வோரை, வீடு கட்டும் சிலந்திக்கு உவமிக்கிறது (29:41).

உருவகத்தை நேர்ப்பொருளாகக் கொண்டு மயங்குவதும், அதைக் காட்டிப் புலவரைப் பழிப்பதும் அணியறியாமையின் விளைவே. நம் பிள்ளைகளுக்கு அணியிலக்கணம் கற்பிப்போம்; முன்னோர் விட்டுச்சென்ற ஞானச் செல்வம் அவர்களுக்கும் புரியட்டும்.