பல்லும் பார்வையும்

மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று அஞ்சுவோர் தமிழகத்தில் இன்றும் இருக்கின்றனர். செங்கற்பட்டுக் கடற்கரையிலே, 1983-இல் அணு உலை இயங்கத் தொடங்கிய கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது புதுப்பட்டினம். அணுவின் ஆற்றலை மின்சாரமாக்கும் அறிவு ஒருபுறம். சொத்தைப் பல்லில் புழு நெளிகிறது, அதைப் பிடுங்கினால் கண் கெடும் என்று கலங்கும் பேதைமை மறுபுறம். இரண்டையும் ஒருசேரச் சுமந்து நிற்கிறது நம் நாடு. இது ஓர் ஊரின் குறையன்று. தலைமுறை தலைமுறையாக நம்மிடையே உலவிவரும் பேச்சு. அந்தப் பேச்சில் உண்மை உண்டா என்று ஆராய்வோம்.

அச்சம் பிறந்த விதத்தை ஊகிப்பது கடினமன்று. மேல்தாடைக் கோரைப்பல்லின் வேர் நீளமானது. அதிலே சீழ் கட்டினால் கன்னம் வீங்கும், வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறும், இமை மூடிக்கொள்ளும். முதுமையிலோ பல்லும் விழுகிறது, பார்வையும் மங்குகிறது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்துவிட்டால், முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடுமா? சேவல் கூவிய பின்னர்தான் பொழுது விடிகிறது. சேவலா விடியச் செய்கிறது? கண்டதை வைத்துக் காரணம் கற்பித்தனர் முன்னோர். கற்பித்ததைச் சோதித்துப் பார்ப்பது நம் கடன்.

சோதித்தவர்கள் கண்டது என்ன? மூளையோடு தொடர்புடைய நரம்புகள் 12 இணை. காட்சியைக் கொண்டு செல்வது இரண்டாம் இணை. பார்வை நரம்பு என்பது அதன் பெயர். பல்வலியைக் கொண்டு செல்வது ஐந்தாம் இணை. அது மூன்று கிளையாகப் பிரிகிறது. முதற்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் செல்கிறது. கண்ணில் தூசு விழுந்தால் உறுத்தலை உணர்த்துவது அந்த முதற்கிளை. காண்பது அதன் தொழிலன்று. பல்லைப் பிடுங்கும்போது அறுபடுவது வேர்நுனியில் நுழையும் மெல்லிய இழையே. பார்வை நரம்பு அந்தப் பாதையிலேயே இல்லை!

இந்த நரம்புப் பாதையைப் பயன்படுத்தி மனிதன் வலியை வென்ற வரலாறு வீரமிக்கது. வலி ஆண்டவன் விதித்தது, அதைத் தடுப்பது பாவம் என்ற வாதம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1847-இல் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சிம்ப்சன் பிள்ளைப்பேற்றின்போது குளோரோஃபார்ம் கொடுத்தார். மறைநூலைக் காட்டி மறுத்தனர் சிலர். 1853-இல் விக்டோரியா அரசியே அதை ஏற்றார். அதற்கும் முன்பே, 1844-இல், அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் செய்து பார்த்தார். ஆயினும் ஒரு குறை இருந்தது. ஒரு பல்லுக்காக முழு மனிதனையும் மயக்க வேண்டியிருந்தது.

அந்தக் குறையைத் தீர்க்க வழி காட்டியது தென்னமெரிக்க மலைவாழ் மக்கள் மென்ற கோக்கா இலை. 1860-இல் ஜெர்மானியர் ஆல்பர்ட் நீமன் அதிலிருந்து கோக்கெயினைப் பிரித்தெடுத்தார். நாவில் பட்டதும் அது மரக்கச் செய்வதையும் குறித்தார். 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் அதைக் கண் அறுவைக்குப் பயன்படுத்தினார். எந்தக் கண்ணுக்காகப் பல் மருத்துவத்தை அஞ்சுகிறார்களோ, அந்தக் கண்ணில்தான் முதல் வெற்றி! அதே ஆண்டின் இறுதியில் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட், ரிச்சர்ட் ஹால் ஆகியோர் தாடை நரம்பருகே மருந்தைச் செலுத்திப் பல்லை மரக்கச் செய்தனர். தம் உடலிலேயே சோதித்த அவ்விருவரும் அம்மருந்துக்கே அடிமையாயினர். அறிவு இலவசமாகக் கிடைத்ததன்று. 1904-இல் ஆல்ஃப்ரட் ஐன்ஹார்ன் அடிமைப்படுத்தாத நோவோகெயினைத் தந்தார். 1943-இல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மருந்தே இன்று நம் மருத்துவர்கள் கையாளும் லிக்னோகெயின்.

ஊசியை எங்கே போடுவது? எலும்பு அதற்கு விடை சொல்கிறது. மேல்தாடை எலும்பு மெல்லியது. வேர்நுனிக்கு நேராக ஈற்றோரத்தில் மருந்தைச் செலுத்தினால், எலும்பினூடே கசிந்து நரம்பிழையை அடைந்துவிடும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதி கெட்டியானது. மருந்து எளிதில் ஊடுருவாது. ஆகவே, வாய்க்கால் நீரை மதகிலேயே அடைப்பதுபோல், நரம்பு எலும்புக்குள் நுழையும் சிறு துளையருகே, தாடையின் பின்பகுதி உட்புறத்தில், தடுக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்களும் கீழுதடும் மரத்துவிடுகின்றன. மருந்து நரம்பை அறுப்பதில்லை. சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் புகும் வாயில்களை அடைக்கிறது, வலிச்செய்தி நின்றுவிடுகிறது. சில மணி நேரத்தில் வாயில்கள் திறக்கின்றன. ஊசி இரத்தக்குழாயில் புகவில்லை என்பதை மருத்துவர் சற்றே பின்னிழுத்துப் பார்த்து உறுதி செய்கிறார். மருந்து தவறிப் பாய்ந்து பார்வை மங்குவது மிக மிக அரிது. அதுவும் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும்.

நரம்பை அறிந்தால் மடமை தளரும் என்பதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே உண்டு. புதுப்பட்டினத்திலிருந்து மேற்கே திருக்கழுக்குன்றத்தைக் கடந்தால் செங்கற்பட்டு. அங்கே திருமணியிலிருந்த தொழுநோய் மருத்துவ இல்லத்தை 1955-இல் மைய அரசு ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதற்கு முன்னர் அங்கே பணியாற்றிய ராபர்ட் காக்ரேனின் அழைப்பில், 1947-இல் வேலூரிலிருந்து வந்தார் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளியின் விரல் முன்வினையால் அழுகி விழுகிறது என்று ஊர் பழித்த காலம் அது. பிராண்டின் ஆய்வுகள் வேறு காட்டின. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரிவதில்லை, ஆதலால் சுட்ட கையும் முள் தைத்த காலும் கவனிப்பாரற்றுப் புண்ணாகிச் சிதைகின்றன. மரப்பூசி சில மணி நேரம் செய்வதைக் கிருமி ஆண்டுக்கணக்கில் செய்துவிடுகிறது. பாவமுமில்லை, சாபமுமில்லை, பழுதுபட்டது நரம்பு!

ஆகவே வலி தண்டனையன்று, தகவல். பல்வலி தரும் தகவலைக் கேளாமல், கண்ணுக்கு அஞ்சிச் சொத்தைப் பல்லைக் காத்து வைத்தால் நேர்வது என்ன? மேற்பல்லின் சீழ் பரவி, சில வேளைகளில் கண்குழியையும் மூளையையும் எட்டி உயிருக்கே உலை வைக்கும். கண்ணுக்குப் பகை, பிடுங்கிய பல்லன்று. பிடுங்காமல் விட்ட பல்! சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது 1953-இல். அதன்பின் எத்தனையோ மருத்துவர்கள் பயின்று வந்துவிட்டனர். மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. இடையில் நிற்பது அச்சம் ஒன்றே. அதை அகற்றும் பணி படித்த இளைஞர்களுடையது. தெருவுக்குத் தெரு மேடை தேவையில்லை. கன்னத்தில் கைவைத்து விம்மும் பாட்டியிடம், பல்லுக்கு ஒரு நரம்பு, பார்வைக்கு ஒரு நரம்பு என்று எடுத்துச் சொல்லி, மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் சென்றால் போதும். பகுத்தறிவுப் பணி என்பது அதுவே!