ஞானஸ்நானமும் உறவுமுறையும்

நீரையே வயலாகவும் படகையே ஏராகவும் கொண்டு வாழ்ந்த குடியினர் நாம். அத்தகைய நமக்கு, நீரினால் நிகழும் ஒரு சடங்கைக் குறித்து எடுத்துரைப்பது மிகையென்று சிலர் கருதக்கூடும். ஆயினும் காசிமேடு, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய இக்கரையூர்களில் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவியோரும், முன்னோர் சமயத்தில் நிலைத்தோரும் அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றனர். ஒருசாராருடைய சடங்கின் பொருளை மறுசாரார் அறியாதிருத்தல் நன்றன்று. மேலும், "ஞானஸ்நானம் பெற்றவன் குலத்தை விட்டவனா, விடாதவனா?" என்னும் வினா இருசாராரிடையேயும் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அவ்வினாவுக்குச் சரித்திரம் கூறும் விடையை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

முதற்கண் பெயரின் பொருளை நோக்குவோம். கிரேக்க மொழியில் இச்சடங்கைக் குறிக்கும் சொல்லுக்கு முழுக்குதல் என்பதே பொருள். நம் நாட்டில் ஞானஸ்நானம் என்பது பழைய வழக்கு. திருமுழுக்கு என்பது இக்காலத்துக் கத்தோலிக்கர் வழக்கு. மாசிமகத்தில் கடலாடுவோர் ஆண்டுதோறும் ஆடுவர். ஞானஸ்நானமோ வாழ்நாளில் ஒரேமுறை பெறுவது. ஏனெனில் அஃது அழுக்கைக் கழுவுவது மட்டுமன்று, ஒரு பிறப்புமாகும். நீருக்குள் இறங்குதல் கிறிஸ்துவோடு இறந்து அடக்கம் பெறுதலுக்கும், நீரினின்று எழுதல் அவரோடு உயிர்த்தெழுதலுக்கும் அடையாளம் என்று சின்னப்பர் உரோமருக்கு எழுதிய நிருபத்தில் விளக்குகிறார். ஒருவன் இருமுறை பிறவான். ஆதலின் இருமுறை ஞானஸ்நானம் பெறுவதும் இல்லை.

செய்முறையில் சபைகளுக்குள் வேற்றுமை உண்டு. ஆதித் திருச்சபையின் ஒழுங்குகளைக் கூறும் திதாக்கே என்னும் பழைய நூல், ஓடும் நீரே சிறந்ததென்றும், நீர் போதாவிடத்துத் தலையில் மும்முறை வார்த்தல் அமையுமென்றும் விதிக்கிறது. கத்தோலிக்கரும், லுத்தரன் சபையாரும், தென்னிந்தியத் திருச்சபையாரும் கைக்குழந்தைகளுக்கும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் நீர் வார்த்து இச்சடங்கை நிறைவேற்றுவர். பாப்திஸ்துகளும் பெந்தெகொஸ்தே சபையாரும், விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கையிடத்தக்க வயதினர்க்கே, முழுவதும் நீரில் அமிழ்த்திக் கொடுப்பர். கத்தோலிக்கர் சடங்கில் நீரோடு எண்ணெய்ப் பூசுதல், வெள்ளாடை அணிவித்தல், விளக்கேற்றிக் கொடுத்தல் ஆகியனவும் உண்டு. உயிருக்கு ஆபத்து நேர்ந்தவிடத்துக் குருவானவர் வேண்டுமென்பதில்லை. திருச்சபையின் கருத்தோடு எவரும் நீர் வார்க்கலாம். பிரசவ அறையில் மருத்துவச்சி வார்த்த நீரும் ஆலயத்தில் ஆயர் வார்த்த நீரும் திருச்சபைக்கு ஒன்றே.

இனி, நம் வினாவுக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. இச்சடங்கு புதிய உறவுமுறையையும் உண்டாக்குகிறது. குழந்தையை ஏந்தி நிற்போர் ஞானத்தந்தை, ஞானத்தாய் என்று பெயர் பெறுகின்றனர். இது வெறும் முகமனன்று. திரெந்து நகரில் கூடிய சங்கம் 1563 ஆம் ஆண்டில் ஞானப்பெற்றோரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிவைக்கக் கட்டளையிட்டது. காரணம், அவ்வுறவு மணத்தைத் தடுக்கும் உறவாக எண்ணப்பட்டது. ஞானப்பெற்றோரும் அவர்தம் ஞானப்பிள்ளையும் மணவுறவு கொள்ளலாகாது என்னும் விதி 1917 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்திலும் இருந்தது. 1983 ஆம் ஆண்டின் சட்டத்திலேயே அது நீங்கிற்று. இரத்தத்தால் வரும் உறவுக்கு ஒப்பான ஓர் உறவு நீரினாலும் வரும் என்பதைத் திருச்சபை எவ்வளவு மெய்யாகக் கொண்டிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின், தமிழ்நாட்டில் அப்புதிய உறவு பழைய உறவின் எல்லையைக் கடந்ததா? தென்கடலோரச் சரித்திரத்தை முதலில் காண்போம். முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவர், தம் தொழிலுக்கு நேர்ந்த இடுக்கண் தீரப் போர்த்துக்கீசியரின் துணையை நாடிக் கொச்சிக்குத் தூது சென்றனர். அதன் பயனாக 1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் பல்லாயிரவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றனர். அவர்க்குப் போதனை பின்னரே வாய்த்தது. 1542 ஆம் ஆண்டில் அங்கு வந்த சவேரியார், மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனனம் செய்வித்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கைகள் ஓய்ந்துபோவதாக 1544 ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில் கூறுகிறார். ஒரு குலம் முழுவதும் ஒருங்கே நீரில் இறங்கிற்று, ஒருங்கே எழுந்தது. ஆதலின் அக்குலத்தின் கட்டும், சாதித்தலைவனின் அதிகாரமும் குலையாமல் நின்றன. தனித்தனி மாந்தராய் வந்திருந்தால் சிதறியிருப்பர் என்பதும், குலமாக வந்தமையால் குலமாகவே நின்றுவிட்டனர் என்பதும் ஒருங்கே உண்மை.

உள்நாட்டில் நிகழ்ந்தது வேறு. மதுரை மிஷன் குருக்கள், மேற்குலத்தார் அருவருப்பர் என்று அஞ்சி, ஞானஸ்நானச் சடங்கில் சிலவற்றை விட்டுவிட்டனர். அவற்றுள் தலையாயது உமிழ்நீர். செவிடனாயிருந்த திக்குவாயனைக் கிறிஸ்து உமிழ்நீரால் தொட்டுக் குணப்படுத்தியதை நினைவூட்டும்படி, குரு தம் உமிழ்நீரால் ஞானஸ்நானம் பெறுவோரின் காதையும் மூக்கையும் தொடுவது உரோமைச் சபையின் அக்கால வழக்கு. எச்சிலைத் தீட்டென்று கொள்ளும் நம் நாட்டில் இஃது எங்ஙனம் ஏற்கும்? இவ்வழக்கை விசாரிக்கப் போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704 ஆம் ஆண்டில், உமிழ்நீர் முதலியவற்றை விடலாகாதென்றும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தைத் தாமதிக்கலாகாதென்றும், அர்ச்சியசிஷ்டவர்களின் பெயர்களையே இடவேண்டுமென்றும் கட்டளையிட்டார். அக்கட்டளையில் மற்றொன்றும் இருந்தது. நோயுற்ற பறையர் வீட்டுக்குக் குருக்கள் நேரில் சென்று தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கவேண்டும் என்பதே அது. நாற்பதாண்டு வழக்குக்குப் பின், 1744 ஆம் ஆண்டில், பதினான்காம் ஆசீர்வாதப்பர் இறுதித் தீர்ப்பளித்தார். உமிழ்நீருக்குச் சிறிது காலம் விலக்குக் கிடைத்தது. தாழ்த்தப்பட்டோர்க்கென்று தனிக்குருக்களை ஏற்படுத்தும் ஏற்பாட்டால், மற்றக் குருக்கள் அவர் வீடு புகாமலே இருக்கவும் வழி கிடைத்தது.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். எச்சிலை அருவருத்தல் ஒரு நாட்டின் நடை. அதற்கு இடங்கொடுத்தலில் பிழையில்லை. 1969 ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற குழந்தைகள் ஞானஸ்நான முறையில் திருச்சபைதானே உமிழ்நீரை நீக்கிவிட்டது. ஆனால் உடன் ஞானஸ்நானம் பெற்றவனின் வாயிற்படியை அருவருத்தல் நடையன்று, அநீதி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்ததே அக்காலத்துப் பிழை. புரொட்டஸ்டண்டு சபைகளும் இதற்கு விலக்கல்ல. 1833 ஆம் ஆண்டில் பிஷப் தானியேல் உவில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழியவேண்டுமெனச் சுற்றுக்கடிதம் விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டாலும் விடுவோம், சாதியை விடோம் என்று வெளியேறினர்.

நம்மூர்ச் செய்திக்கு வருவோம். துறைமுகம் இல்லாத அக்காலத்தில் சென்னைக்கு வந்த கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றினால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தன. அவ்வுழைப்பின் ஊதியத்தில் ஒரு பங்கை நிதியாகச் சேர்த்துப் படகோட்டிக் கிறிஸ்தவர்கள் எழுப்பியதே இராயபுரத்துப் புனித இராயப்பர் ஆலயம். 1829 ஆம் ஆண்டில் அது நிறைவெய்தியது. இராயப்பரின் பெயராலேயே ஊர் இராயபுரமாயிற்று என்பது வழங்கிவரும் கூற்று. 1875 ஆம் ஆண்டில் துறைமுக வேலை தொடங்கிய பின்னர் மசூலாப் படகின் தேவை நாளடைவில் அற்றது, ஆலயம் நின்றது.

அவ்விராயப்பரும் மீன்பிடிப்பவரே. அவர் பெயரால் வழங்கும் நிருபம், நோவாவின் பேழையில் எண்மர் நீரின் வழியே காக்கப்பட்டதை ஞானஸ்நானத்துக்கு ஒப்பிடுகிறது. வெள்ளத்தில் படகின் அருமை அறிந்த நமக்கு அவ்வுவமை எளிதில் விளங்கும். அவர் வாழ்க்கையில் இரு நிகழ்ச்சிகள் நம் வினாவுக்கு நேர்விடையாக உள்ளன. செசாரியா நகரில் கொர்நேலியு என்னும் உரோமை நூற்றுவர் தலைவனின் வீட்டுக்கு அவர் சென்றார். யூதர் அன்னியர் வீடு புகார், அவருடன் உண்ணார். இராயப்பரோ உட்புகுந்து, இவர்க்கு நீரை மறுப்பவர் யார் என்று வினவி, அவ்வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெறக் கட்டளையிட்டார். பின்னொருகால் அந்தியோக்கியாவில் அவ்வாறு சேர்ந்தோருடன் உண்டு வந்தவர், தம் இனத்தார் சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியினின்று விலகிக்கொண்டார். அப்பொழுது சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கடிந்துரைத்தார். நீரைக் கொடுத்த கை பந்தியில் பின்வாங்குமாயின், கொடுத்த நீருக்கே அவமதிப்பு என்பது இதனால் பெறப்படும்.

ஆதலின் நம் வினாவுக்கு விடை இது. ஞானஸ்நானம் பெற்றவன் தாயையும் தந்தையையும், மாமனையும் மைத்துனனையும் விட்டவனல்லன். முன்னோர் சமயத்தில் நிற்கும் உறவினர் அவனை அயலானாக எண்ணுதல் தகாது. ஆனால் அவன் உறவு அக்குலத்தோடு முடிந்துபோவதுமன்று. நீர் அவனுக்குப் புதிய உறவினரைத் தந்திருக்கிறது. அவ்வுறவினரைத் தள்ளிவைக்கக் குலத்தின் பெயரைக் கருவியாகக் கொள்வானாயின், அவன் பெற்றது குளியலேயன்றி ஞானஸ்நானமன்று.

சங்கம் கண்டு குலத்தைப் பேணும் நாம் இதைக் கூறலாமோ எனச் சிலர் வினவுவர். கூறவேண்டியவர் நாமே. கல்விக்கும் தொழிலுக்கும் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளவே இச்சங்கம். பிறரைத் தடுக்கும் வேலியாக அன்று. ஞானப்பெற்றோரைத் தேருங்கால் நம்மவருள் பெரும்பாலோர் தாய்மாமன், அத்தை என்று சுற்றத்துக்குள்ளேயே தேடுகின்றனர். முன்னமே உள்ள உறவுக்கு மறுபெயர் இடுவதில் புதுமை யாது? அடுத்த பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிக்கு எடுத்துச் செல்லும்போது, ஏந்தும் இருவருள் ஒருவரையேனும் பிற குலத்து நல்லோரில் தேடுவோமாக. அவர் பெயரும் நம் பிள்ளையின் பெயரும் பதிவேட்டில் ஒரே வரியில் நிற்கட்டும். இராயப்பர் ஆலயத்தை எழுப்பிய முன்னோர்க்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.