பொதுச்சேவை நிலைய நெரிசல் அளவீடு (பெங்களூரு)

ஒரு மருத்துவமனையில் எவ்வளவு கூட்டம் என்பதை ஓ.பி. சீட்டு வரிசையை எண்ணியே சொல்லிவிடலாம். அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், பக்கத்தில் இருப்பதை விட்டு இங்கே ஏன் வருகிறார்கள், வர முடியாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் வரிசையில் தெரியாது. மக்கள் குடியிருப்பு, நிலையத்தின் கொள்ளளவு, இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதை ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துக் கணக்கிடும் இடஞ்சார் பகுப்பாய்வு இதற்குத்தான் பயன்படுகிறது.

பெங்களூரில் வழக்கமான அளவுகோல் வார்டு. 2007இல் சுற்றியிருந்த 7 நகரசபைகளையும் 110 கிராமங்களையும் சேர்த்து விரிந்த மாநகராட்சி 198 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின் 84.4 லட்சம் பேரை வகுத்தால் வார்டுக்குச் சராசரி 42,600 பேர். 2022இல் வார்டுகள் 243 ஆயின, 2023இல் 225, 2025இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்து 369. வார்டுக்கு ஒன்றாக 243 ‘நம்ம கிளினிக்’ (அரசு மருத்துவ நிலையம்) என்று திட்டமிட்டு, 2023 பிப்ரவரியில் முதலில் 108 திறக்கப்பட்டன. எல்லைக்கோட்டை நகர்த்தினால் வார்டின் மருத்துவர் விகிதம் தாளில் மாறிவிடும். காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிவருபவர் நடக்கும் தூரம் அப்படியே இருக்கும். பரப்பு அலகை மாற்றினால் முடிவும் மாறும் இந்தச் சிக்கலைப் பிரிட்டிஷ் புவியியலாளர் ஸ்டான் ஓப்பன்ஷா விரிவாக ஆராய்ந்தார்.

வார்டு எல்லையை விட்டுவிட்டுக் கணக்கிடும் முறையை ஜான் ராட்கேயும் லான் முவும் 2000இல் முன்வைத்தனர். 2003இல் வெய் லுவோவும் ஃபாஹூய் வாங்கும் சிகாகோ வட்டாரத்து மருத்துவர்களை வைத்து அதைச் செம்மைப்படுத்தினர். இரண்டே படிகள். தலா ஒரு மருத்துவர் உள்ள இரண்டு கிளினிக்குகளை எடுத்துக்கொள்வோம். 15 நிமிட நடையில் முதலாவதை 20,000 பேரும் இரண்டாவதை 10,000 பேரும் எட்டலாம் என்றால், பத்தாயிரம் பேருக்கு முறையே 0.5, 1 மருத்துவர். அடுத்த படியில், ஒரு தெருவிலிருந்து எட்டக்கூடிய கிளினிக்குகளின் விகிதங்களைக் கூட்ட வேண்டும். இரண்டையும் எட்டும் தெருவுக்கு 1.5, முதலாவதை மட்டும் எட்டும் தெருவுக்கு 0.5. இந்த இரண்டு தெருக்களும் ஒரே வார்டில் இருக்கலாம். மும்மடங்கு வேறுபாட்டை வார்டு சராசரி மூடிவிடும்.

தூரத்தை நேர்கோட்டில் அளந்தால் கணக்கு கெட்டுவிடும். சுமார் 900 ஏக்கர் பரந்த பெள்ளந்தூர் ஏரியின் எதிர்க்கரை வரைபடத்தில் பக்கம். போக வேண்டுமானால் ஏரியைச் சுற்றியே போக வேண்டும். ரயில் பாதைகளும் வெளிவட்டச் சாலையும் இதே தடையைத்தான் உண்டாக்குகின்றன.

மக்கள்தொகைத் தரவும் பழையது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், செயற்கைக்கோள் படங்களில் தெரியும் கட்டடங்களை வைத்து மக்களைப் பகிர்ந்து மதிப்பிடுகிறார்கள். மாடிவீடும் தகரக் கொட்டகையும் மேலிருந்து ஒரே கூரையாகத் தெரிவதால், நெருக்கிக் குடியிருக்கும் கூலித் தொழிலாளர்களே இதில் அதிகம் விடுபடுகிறார்கள். பெரிய மருத்துவமனைகளின் நோயாளிகளும் நகரத்துக்குள் அடங்குபவர்கள் அல்ல. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மையத்துக்கும் கித்வாய் புற்றுநோய் மையத்துக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வருவோர் ஏராளம். நகர எல்லையோடு தரவை வெட்டினால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

நேரத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். நம்ம கிளினிக்குகள் தொடங்கியபோது காலை 9 முதல் மாலை 4.30 வரை இயங்கின. விடிந்ததும் கட்டட வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவருக்கு, தெருமுனைக் கிளினிக்கும் எட்டாத கிளினிக்தான். மாலை 6 மணிக்கென்று தனி வரைபடம் வரைந்தால் அவருடைய தெருவின் மதிப்பு பூஜ்யம்.