மாதர் பந்தயமும் நடுவுநிலைமையும்

ஓட்டப்பந்தயம் நடத்துவோர் முதன்முதலில் செய்யும் வேலை தரையில் கோடு கிழிப்பதாகும். புறப்படும் இடத்துக்கு ஒரு கோடு, முடியும் இடத்துக்கு ஒரு கோடு, ஒருவர் பாதையில் மற்றொருவர் புகாதிருக்க இடையே சில கோடுகள். இவற்றுக்குச் சிறிது சுண்ணாம்பு போதும். ஆனால் எந்தப் பந்தயத்தில் யார் ஓடலாம் என்பதற்கும் ஒரு கோடு கிழிக்கவேண்டியிருக்கிறது. அதற்காக உலகம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக முயன்று வருகிறது. திருநங்கையர் மாதர் பந்தயங்களில் கலந்துகொள்வது முறையாகுமா என்று இந்நாளில் எழுந்துள்ள வாதம் அந்நெடிய முயற்சியின் ஓர் அத்தியாயமே. முந்திய அத்தியாயங்களை விட்டுவிட்டு இதனை மட்டும் படித்தால், வாதிடும் இரு தரப்பாரில் எவரையும் நாம் சரிவரப் புரிந்துகொள்ள இயலாது.

மாதருக்கெனத் தனிப் பந்தயம் ஏற்பட்ட காரணத்தை முதலில் நோக்குவோம். 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் விழா புதுப்பிக்கப்பட்டபோது அதில் பெண்களுக்கு இடமில்லை. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆலிஸ் மிலியா அம்மையார், மாதருக்குத் தடகளப் போட்டிகள் வேண்டுமென்று வாதாடி, 1922-இல் பாரிஸ் நகரில் தனியே ஒரு விழாவையே நடத்திக் காட்டினார். அதன் பின்னரே 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்து தடகளப் போட்டிகள் கிடைத்தன. அவற்றுள்ளும் 800 மீட்டர் ஓட்டத்தைப் பெண்ணின் உடல் தாங்காது என்று சொல்லி அடுத்த விழாவிலேயே எடுத்துவிட்டனர். 1960-இல் ரோம் நகரில்தான் அது மீண்டும் இடம்பெற்றது.

இவ்வாறு போராடிப் பெற்ற இடம் ஏன் தனியிடமாக இருத்தல் வேண்டும்? 100 மீட்டர் தூரத்தை உசைன் போல்ட் 2009-இல் 9.58 விநாடியில் கடந்தார். மாதரில் புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 1988-இல் 10.49 விநாடியில் கடந்தார். பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டுக்குள் பல நூறு ஆடவர் அடங்கிவிடுவர். எல்லாரும் ஒரே வரிசையில் ஓடினால் இறுதிப் பந்தயத்தில் ஒரு பெண்ணின் காலடியும் படாது. ஆகவே மாதர் பந்தயத்தைச் சுற்றிப் போட்ட வேலி பெண்களை அடைத்து வைப்பதற்கன்று. அவர்களுக்கு இடம் காத்து வைப்பதற்கே என்பது தெளிவு.

வேலி என்று ஒன்று ஏற்பட்டால் வாயிலும் ஏற்படும். வாயிலில் காவலும் ஏற்படும். காவலுடன் சேர்ந்து சந்தேகமும் வந்தது. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஹெலன் ஸ்டீபன்ஸ், போலந்துக்காக ஓடிய ஸ்டெல்லா வால்ஷை 100 மீட்டர் ஓட்டத்தில் வென்றார். வென்றவர் பெண்ணல்லர் என்று உடனே வதந்தி கிளம்பிற்று. தோற்ற வால்ஷ் 1980-இல் இறந்தபோது நடந்த பிரேத பரிசோதனையிலோ, ஆண் பெண் என்னும் இரு பிரிவில் எதனுள்ளும் முழுமையாக அடங்காத உடலமைப்பு அவருக்கே இருந்தமை தெரியவந்தது. சந்தேகம் ஒரு பக்கம் நோக்க, இயற்கை மற்றொரு பக்கம் நின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பெண் என்பதற்கு வைத்தியரின் அத்தாட்சி கேட்கும் வழக்கம் வந்தது. 1966-இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் அத்தாட்சி போதாதென்று, வீராங்கனைகளை ஆடையின்றி வைத்தியர் குழுவின் முன் நிறுத்தினர். இம்முறைக்குக் கண்டனம் எழவே, விஞ்ஞானத்தின் துணையை நாடினர். கன்னத்தின் உட்புறத்தை இலேசாகச் சுரண்டி எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களில் பெண்ணுக்குரிய குரோமோசோம் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. போலந்தின் ஏவா குவொபுகோவ்ஸ்கா 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர். புடாபெஸ்ட் பரிசோதனையிலும் தேறியவர். அடுத்த ஆண்டு கீவ் நகரில் நடந்த குரோமோசோம் சோதனையில் அவர் தவறினார் என்று கூறி விலக்கினார்கள். ஓராண்டு இடைவெளியில் அவர் உடலில் மாறியது ஒன்றுமில்லை. அளவுகோல்தான் மாறிற்று. 1968-இல் ஒலிம்பிக் விழாவும் இச்சோதனையை ஏற்றது.

இச்சோதனையின் குறை யாதெனில், இயற்கை எழுதிய எல்லா எழுத்தையும் அதனால் படிக்க முடியவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும், ஆண்களுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் உண்டு. ஆனால் எக்ஸ், ஒய் இரண்டும் இருந்தும், ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை உடல் சிறிதும் ஏற்காததால், பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே வளர்பவர் உளர். அவர்களுக்கு அந்த ஹார்மோனால் ஒரு பலனும் இல்லை. எனினும் சோதனை அவர்களைத் தள்ளிற்று. மறுபுறம், இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் உடைய ஆண் ஒருவர் வந்தால், அதே சோதனை அவரைப் பெண்ணெனக் கொண்டு உள்ளே விட்டுவிடும்.

இதனால் விளைந்த துன்பத்துக்கு ஸ்பெயின் நாட்டின் மரியா ஹோசே மார்ட்டினஸ் பாத்தினியோவின் வரலாறு போதிய சான்று. தடை தாண்டி ஓடும் வீராங்கனையான அவர் 1983-இல் சோதனையில் தேறி அத்தாட்சி பெற்றிருந்தார். 1985-இல் ஜப்பானில் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழக விழாவுக்கு அந்த அத்தாட்சியை எடுத்துச் செல்லவில்லை. மறுபடி சோதித்தனர், ஒய் குரோமோசோம் தெரிந்தது. காயம் என்று சொல்லி ஒதுங்கிவிடுமாறு அவருக்கு யோசனை கூறப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் இணங்க மறுத்து நாட்டுப் பந்தயத்தில் ஓடி வென்றதும், அவர் உடலின் இரகசியம் பத்திரிகைகளில் வெளியாயிற்று. உதவித்தொகை போயிற்று, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார், பெற்ற வெற்றிகள் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டன. அவர் உடல் டெஸ்டோஸ்டிரோனை ஏற்பதில்லை என்பதை ஏற்று 1988-இல் மீண்டும் அனுமதித்தபோது, ஓட்டக்காரிக்குரிய நல்ல ஆண்டுகள் கழிந்துவிட்டன.

1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு வேறுபாடு தென்பட்டது. எண்மரும் பெண்களாகவே ஓட அனுமதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டுகளாக நடந்த இச்சோதனை, பெண் வேடமிட்டு வந்த ஆண் ஒருவரையும் பிடித்ததில்லை. 1999-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதனைக் கைவிட்டது.

பொதுச் சோதனை நின்றதேயன்றி, ஐயம் எழுந்தால் சோதிப்பது நிற்கவில்லை. இங்குதான் இவ்வரலாறு நம் நாட்டுக்குள் நுழைகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பால் சோதனையில் தவறினார் என்று கூறிப் பதக்கத்தைப் பறித்தனர். மந்தணமாக இருக்கவேண்டிய மருத்துவச் செய்தி ஊரெங்கும் பரவிற்று. ஒடிசா மாநிலத்தின் டூட்டி சந்த் 2014-இல், உடலில் இயல்பாகவே டெஸ்டோஸ்டிரோன் மிகுந்துள்ளது என்னும் காரணத்தால், காமன்வெல்த் விழாவுக்குச் செல்லும் தறுவாயில் நிறுத்தப்பட்டார். அவர் வாளாவிருக்கவில்லை. சுவிட்சர்லாந்திலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்காடினார். 2015-இல் மன்றம் அந்த விதிக்குச் சான்று போதாதென்று கூறி நிறுத்தி வைத்தது. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விழாவில் அவர் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார். புவனேசுவரத்திலும் கட்டாக்கிலும் வாழும் தமிழ் நேயர்கள் டூட்டியின் பெயரைக் கேட்கும்போது சாந்தியின் பெயரையும் நினைவு கூர்வார்களாக. ஒருவருக்கு வழக்குரைஞரும் விஞ்ஞானிகளும் துணை நின்றனர். மற்றவருக்கு அத்தகைய துணை உரிய காலத்தில் வாய்க்கவில்லை.

ஈதொன்றை நாம் மறவாமல் கவனிக்கவேண்டும். இதுவரை கூறிய எவரும் திருநங்கையர் அல்லர். பெண்ணாகப் பதியப்பட்டுப் பெண்ணாக வளர்ந்தவர்கள். ஆணெனப் பதியப்பட்டுப் பின்னர்ப் பெண்ணாக வாழ்பவரே திருநங்கையர். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது இந்த வாதத்தைப் பிடித்த பெருங்கேடு. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு அரசாங்க விதிகளைப் பெயர்த்தெழுதும் பணியில் நாளும் ஈடுபட்டுள்ள நமக்கு, ஒரு சொல் தன் எல்லையை மீறிப் பரவினால், அச்சொல்லுக்குள் அகப்பட்ட மனிதர் படும் பாடு நன்கு தெரியும்.

திருநங்கையர் பற்றிய வாதத்தின் தொடக்கம் 1977. கண் மருத்துவரான ரெனே ரிச்சர்ட்ஸ், பெண்ணாக மாறியபின் அமெரிக்க டென்னிஸ் பந்தயத்தில் ஆட விரும்பினார். குரோமோசோம் சோதனை வேண்டும் என்றனர். நியூயார்க் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாற்பத்து மூன்று வயதில் ஒற்றையர் ஆட்டத்தின் முதற் சுற்றிலேயே தோற்றார். இரட்டையர் ஆட்டத்தில் இறுதி வரை சென்றார். தாம் இளமையிலேயே மாறி ஆடியிருந்தால் நிலைமை வேறாயிருந்திருக்கும் என்று பிற்காலத்தில் அவரே ஐயம் தெரிவித்தது குறிப்பிடத்தக்கது.

ஒலிம்பிக் குழு 2004-இல் அறுவை சிகிச்சையையும் ஈராண்டு ஹார்மோன் சிகிச்சையையும் நிபந்தனையாக்கித் திருநங்கையரை அனுமதித்தது. 2015-இல் அறுவை வேண்டியதில்லை, டெஸ்டோஸ்டிரோன் ஓராண்டு குறைந்திருந்தால் போதும் என்றது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் லாரல் ஹப்பர்ட் பளு தூக்கினார். மூன்று முயற்சியிலும் தவறி வெளியேறினார். 2022 மார்ச்சில் அமெரிக்கப் பல்கலைக்கழக நீச்சலில் லியா தாமஸ் 500 கெஜப் பந்தயத்தை வென்றார். அவ்வாண்டு நீச்சல் சம்மேளனமும், 2023-இல் உலகத் தடகளச் சம்மேளனமும், ஆண் பருவ வளர்ச்சி அடைந்த திருநங்கையரை மாதர் பந்தயங்களிலிருந்து விலக்கின.

இரு தரப்பு வாதங்களிலும் கனம் உண்டு. பருவ வளர்ச்சியில் கிடைத்த உயரமும் எலும்பும் பின்னர்க் கொடுக்கும் மருந்தால் குறைவதில்லை; இரத்தத்தின் செம்பொருள் சில மாதங்களில் பெண்களின் அளவுக்கு இறங்கினும், தசை வலிமை ஓராண்டில் சிறிதளவே குறைகிறது. பதக்க மேடையில் இடங்கள் மூன்றே. ஓரிடம் போனால் ஒரு பெண்ணின் பல்லாண்டு உழைப்பு போகும். இது ஒரு தரப்பு. ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை பயிற்சி பெற்ற வீராங்கனைகளைப் பற்றியவை அல்ல. ஒரு விளையாட்டுக்குப் பொருந்தும் முடிவு மற்றொன்றுக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை. போட்டியிட வருவோரோ மிகச் சிலர். இது மற்றத் தரப்பு. தடகளச் சம்மேளனம் தன் தடையை அறிவித்த நாளில், சர்வதேசத் தடகளத்தில் அப்போது ஓடிய திருநங்கை ஒருவரும் இல்லை என்று அதன் தலைவரே கூறினார். நீச்சல் சம்மேளனம் அவர்களுக்கென 2023-இல் பெர்லினில் திறந்த பிரிவு ஒன்றை அமைத்தது. அதற்கு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. தனியே ஒரு கூடம் கட்டிக் கொடுத்தால் அவர்கள் வந்துவிடுவார்கள் என்னும் எண்ணம் அன்று நிறைவேறவில்லை.

2025 செப்டம்பரில் டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில் ஓட வந்த பெண்கள் அனைவருக்கும் ஆண்பாலுக்குரிய ஒரு மரபணு உண்டா என்று சோதித்தனர். மீண்டும் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சி! அந்த மரபணுவை 1990-இல் கண்டறிந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஆண்ட்ரூ சிங்க்ளேரே, பாலினத்தைத் தீர்மானிக்க அதனை மட்டும் பயன்படுத்துவது தகாது என்று எழுதினார்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? கோடு வேண்டாம் என்பதன்று. கோடு இல்லையேல் மாதர் பந்தயமே இல்லை. ஆண் பருவ வளர்ச்சியின் பயனைக் கருதி ஒரு விளையாட்டு தன் எல்லையை வகுப்பது தவறென்று கூற இயலாது. ஆனால் விதி நேர்மையானது என்பதனாலேயே அதனை நடத்தும் முறையும் நேர்மையாகிவிடாது. புடாபெஸ்டிலும் கோபேயிலும் தோஹாவிலும் அறம் பிறழ்ந்தது விதியில் மட்டுமன்று. வந்து நின்ற பெண்ணை நடத்திய விதத்திலும்தான். விதிக்கு அந்தந்த விளையாட்டின் சான்று வேண்டும். அதனைப் பந்தயத்துக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். உடலின் செய்தி வைத்தியர் அறைக்கு வெளியே போகலாகாது. மேல்முறையீட்டுக்கு இடம் வேண்டும். விலக்கப்பட்டவரை வஞ்சகர் என்று பழிக்கலாகாது. தராசு செம்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதைப் பிடிக்கும் கையும் நடுங்காமலும் சாயாமலும் இருத்தல் வேண்டும். அதனையே நம் முன்னோர் நடுவுநிலைமை என்றனர்.